கொல்கத்தாவின் கோடை வாரம்: வானிலை முன்னறிவிப்பைப் பயனுறப் படிக்கும் முறை

தமிழகத்தில் கோடையின் உச்சத்தை நாட்காட்டியே அறிவித்துவிடுகிறது. மே மாதத் தொடக்கத்தில் அக்கினி நட்சத்திரம் பிறக்கிறது. அம்மாத இறுதியில் நிறைவடைகிறது. அந்நாள்களில் கிணறு வெட்டுதல், மனை கோலுதல் போன்ற வேலைகளைத் தள்ளிவைப்பது நம் முன்னோர் கண்ட ஏற்பாடு. பணி மாற்றத்தாலோ, வணிகத்தாலோ, பிள்ளைகளின் படிப்பாலோ கொல்கத்தாவில் குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்த நாட்காட்டி அங்குப் பெரிதும் உதவுவதில்லை. அந்நகரின் கோடை ஒரு வாரம் உலர்ந்து எரிகிறது. மறு வாரம் வியர்வையில் நனைக்கிறது. ஒரு மாலையில் அரை மணி நேரத்துக்குள் சூறைக்காற்றையும் மழையையும் கொணர்ந்து, வெப்பத்தைப் பத்து டிகிரி அளவுக்குக் கூடக் குறைத்துவிடுகிறது. அங்கு வாழ்வோருக்கு உண்மையான நாட்காட்டி, வாரந்தோறும் மாறும் வானிலை முன்னறிவிப்பே ஆகும்.

லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு இது பழகிய செய்தி. புதிதாகச் செல்வோருக்கும், ஊரிலிருந்து உறவினரைக் காணச் செல்லும் முதியோருக்கும், அந்நகரோடு வணிகத் தொடர்பு வைத்திருப்போருக்கும் அந்த முன்னறிவிப்பை எவ்வாறு படிப்பது, எதை எந்த அளவுக்கு நம்புவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானிலைத் துறையின் பிறந்த வீடு

இந்தியாவில் வானிலையை முறையாகப் பதிவு செய்யும் பணி கொல்கத்தாவிலும் சென்னையிலும்தான் வேரூன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனி 1785இல் கல்கத்தாவிலும், 1796இல் சென்னையிலும் வானிலையைக் கவனிக்கும் நிலையங்களை அமைத்தது. 1835 முதல் 1855 வரை கல்கத்தாவில் இருந்தபடி வங்கக் கடலின் புயல்களைப் பற்றி ஏறத்தாழ நாற்பது ஆய்வுக் கட்டுரைகளை எழுதியவர் ஹென்றி பிடிங்டன். இன்று உலகெங்கும் வழங்கும் 'சைக்ளோன்' என்னும் சொல்லை ஆக்கியவர் அவரே. சுருண்டு கிடக்கும் பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை அவர் அமைத்தார்.

1864இல் பெரும் புயல் ஒன்று கல்கத்தாவைத் தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றது. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. இவ்விழப்புகளுக்குப் பின்னரே, சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே துறையின் கீழ்க் கொணர வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. அதன் தலைமையகம் 1905இல் சிம்லாவுக்கும், 1928இல் புணேவுக்கும், 1944இல் புதுதில்லிக்கும் மாறும் வரை கல்கத்தாவிலேயே இருந்தது. புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் பி.சி. மகலனோபிஸ், 1922 முதல் 1926 வரை அலிப்பூர் வானிலை நிலையத்தில் பணியாற்றினார். இன்றும் மேற்கு வங்காளத்துக்கான முன்னறிவிப்புகள் அலிப்பூரில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்திலிருந்தே வெளியாகின்றன. 'கொல்கத்தாவின் வெப்பநிலை' என்று செய்திகளில் பொதுவாகக் குறிப்பிடப்படுவது அலிப்பூரில் பதிவாகும் அளவாகும். விமான நிலையம் அமைந்த டம்டம்மில் பதிவாகும் அளவு இதனின்று ஓரிரு டிகிரி வேறுபடுவது இயல்பு.

ஒரே நகரில் இரு காற்றுகள்

முன்னறிவிப்பைப் படிப்பதற்கு முன், அதற்குப் பின்னுள்ள இயற்கையின் ஏற்பாட்டை அறிவது நன்று. கோடையில் கொல்கத்தாவின் வானிலையை இரு காற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன.

முதலாவது, மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும் உலர் காற்று. ஜார்க்கண்டின் சோட்டா நாக்பூர் பீடபூமியின் பாறை நிலம் ஏப்ரல், மே மாதங்களில் கடுமையாகச் சூடேறுகிறது. அவ்வழியே வரும் காற்று புருலியா, பாங்குரா மாவட்டங்களை வறுத்துவிட்டுச் சில நாள்களில் கொல்கத்தாவையும் எட்டுகிறது. அந்நாள்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும், ஈரப்பதம் குறைந்திருக்கும்.

இரண்டாவது, வங்கக் கடலிலிருந்து தெற்காக வரும் ஈரக்காற்று. சென்னையில் நண்பகலுக்குப் பின் நுழையும் கடற்காற்று வெப்பத்தைத் தணிப்பதை நாம் அறிவோம். கொல்கத்தாவோ கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கி.மீ. உள்ளே அமைந்துள்ளது. தெற்குக் காற்று அங்கு வந்து சேரும்போது குளிர்ச்சியைக் காட்டிலும் ஈரத்தையே மிகுதியாகச் சுமந்துவருகிறது. வெப்பமானியில் 36 டிகிரிதான் காட்டும். உடலோ அதைவிட மிகுந்த வெம்மையை உணரும்.

இவ்விரு காற்றுகளும் சந்திக்கும்போது நிகழ்வதுதான் கால்பைசாகி. கீழே கடலின் ஈரக்காற்றும், மேலே உலர் காற்றும் அடுக்காக நிற்கும் வேளையில், பீடபூமியின் வெப்பம் கீழ்க்காற்றை வேகமாக மேலெழுப்புகிறது. நண்பகலுக்குப் பின் ஜார்க்கண்டின் மேல் எழும் இடிமேகங்கள் தென்கிழக்காக நகர்ந்து, மாலையிலோ முன்னிரவிலோ கொல்கத்தாவை அடைகின்றன. வடமேற்கிலிருந்து வருவதால் ஆங்கிலேயர் இதனை 'நார்வெஸ்டர்' என்றனர். வங்காளப் பெயரோ வைசாக மாதத்தின் காலன் என்னும் பொருள் தருவது. வைசாகம் என்றவுடன் நம் வைகாசியை எண்ணிவிடுதல் ஆகாது. வங்காளத்தின் வைசாகம் நம் சித்திரைக்கு நேரானது; நாம் புத்தாண்டு கொண்டாடும் அதே நாள்களில்தான் அவர்களும் தங்கள் புத்தாண்டைக் கொண்டாடுகின்றனர். ஆகவே, கால்பைசாகியின் பருவம் நம் சித்திரை தொடக்கத்திலேயே முனைப்புக் கொள்கிறது. ஜூன் இரண்டாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை அந்நகரை அடையும் வரை அது நீடிக்கிறது.

2024 ஏப்ரல் கற்பித்த பாடம்

இவ்விரு காற்றுகளுள் ஒன்று மட்டுமே நீண்ட நாள் ஓங்கி நின்றால் என்ன ஆகும் என்பதை 2024ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தின் பிற்பாதி முழுவதும் கங்கைச் சமவெளி மேற்கு வங்காளத்தில் உலர் காற்றே மேலோங்கியிருந்தது. வெப்பத்தைத் தணிக்கும் கால்பைசாகி வரவில்லை. வானிலைத் துறை தொடர்ந்து வெப்ப அலை எச்சரிக்கைகளை வெளியிட்டது. மாநில அரசு பள்ளிகளின் கோடை விடுமுறையை முன்கூட்டி, ஏப்ரல் 22 முதலே தொடங்கச் செய்தது. ஏப்ரல் 30 அன்று கொல்கத்தாவில் 43 டிகிரி பதிவாகியது. ஏப்ரல் மாதத்தில் அந்நகர் 1954க்குப் பின் கண்ட மிக உயர்ந்த அளவு அது. அதே நாளில் மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்தின் கலைக்குண்டாவில் 47.2 டிகிரி பதிவாகியது. இது இயல்பைவிடப் பத்து டிகிரிக்கும் அதிகம்.

மே மாதத்தின் முதல் வாரம் முடியும் வேளையில் இடிமழை பெய்து வெம்மை தணிந்தது. மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், அதே இடிமேகங்கள் மே 16 அன்று மால்டா மாவட்டத்தில் மின்னலாக இறங்கி 11 உயிர்களைப் பறித்தன. அவ்வேளை மாமரத் தோப்புகளில் இருந்தோரும் இறந்தவர்களுள் அடங்குவர். வெப்பத்தைத் தணிக்கும் மழையும் எச்சரிக்கைக்கு உரியதே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. இதற்கு முன்னர், 2018 ஏப்ரல் 17 அன்று மாலை கொல்கத்தாவில் சில நிமிட இடைவெளியில் இரு சூறைக்காற்றுகள் வீசின. இரண்டாவதன் வேகம் மணிக்கு 98 கி.மீ. வரை சென்றது. மரங்கள் சாய்ந்தும் சுவர்கள் இடிந்தும் கொல்கத்தாவிலும் ஹௌராவிலும் அண்டை மாவட்டங்களிலும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

முன்னறிவிப்பின் சொற்களும் அவற்றின் அளவுகளும்

வானிலை அறிக்கையில் வரும் சொற்கள் பொதுவழக்குச் சொற்களைப் போலத் தோன்றினும், ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த அளவு உண்டு. தமிழ் அறிக்கைகளில் நாம் கேட்டுப் பழகிய சொற்களே அங்கும் அதே பொருளில் வழங்குகின்றன.

'ஓரிரு இடங்களில் மழை' என்றால், அப்பகுதியில் உள்ள நிலையங்களில் நூற்றுக்கு 25 அல்லது அதற்கும் குறைவானவற்றில் மழை பதிவாகக்கூடும் என்பது பொருள். 'ஒருசில இடங்களில்' என்பது 26 முதல் 50 வரை. 'அநேக இடங்களில்' என்பது 51 முதல் 75 வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்பது 76க்கு மேல். ஆகவே, ஓரிரு இடங்களில் மழை என்று அறிவித்த நாளில் உங்கள் தெருவில் மழை பெய்யாவிடில், முன்னறிவிப்பு பொய்த்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

மழையின் அளவுக்கும் இவ்வாறே வரம்புகள் உள்ளன. 24 மணி நேரத்தில் 15.5 மி.மீ. வரை பெய்வது இலேசான மழை, 64.4 மி.மீ. வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதையும் கடந்தது அதிகனமழை. இந்த 24 மணி நேரம் நள்ளிரவில் தொடங்குவதன்று, காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடப்படுவது. நேற்று இரவு பெய்த மழை இன்றைய பதிவில் வருவதற்குக் காரணம் இதுவே.

வெப்ப அலை என்பதற்கும் தெளிவான வரையறை உண்டு. சமவெளிப் பகுதியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியை எட்ட வேண்டும்; இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும். உயர்வு 6.4 டிகிரியைக் கடந்தால் அது கடும் வெப்ப அலை. இயல்பு எதுவாயினும், 45 டிகிரியை எட்டினால் வெப்ப அலை, 47 டிகிரியை எட்டினால் கடும் வெப்ப அலை. கடலோர நிலையங்களுக்கு 37 டிகிரி என்னும் வேறு அடிப்படை அளவு பின்பற்றப்படுகிறது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. கொல்கத்தாவில் 37 டிகிரியும் மிகுந்த ஈரப்பதமும் நிலவும் நாள், வரையறையின்படி வெப்ப அலை நாள் அன்று. ஆயினும், உடலுக்கு அது எளிய நாளும் அன்று. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணிக்கும் வெப்பக் குறியீட்டின்படி, 36 டிகிரி வெப்பமும் 40 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடல் உணர்வது ஏறத்தாழ 39 டிகிரி. அதே 36 டிகிரியில் ஈரப்பதம் 60 விழுக்காடானால், உடல் உணர்வது 46 டிகிரிக்கும் மேல். வியர்வை ஆவியாவதால்தான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாவதில்லை. ஆகவே, 'வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்து அசௌகரியம் ஏற்படலாம்' என்னும் மெல்லிய சொற்றொடரை, வெப்ப அலை எச்சரிக்கைக்கு நிகராகவே மதிக்க வேண்டும். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் கவனித்தல் நலம். இரவிலும் வெம்மை தணியாத நாள்களில் உடல் ஓய்வு பெறுவதில்லை. தொடர்ந்து மூன்று நான்கு நாள்கள் அவ்வாறு கழிந்தால் முதியோர் விரைவில் நலிவுறுவர்.

வண்ண எச்சரிக்கைகளுள் பச்சை என்பது நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்பதைக் குறிக்கும். மஞ்சள், விழிப்புடன் இருந்து நிலவரத்தைக் கவனித்துவர வேண்டும் என்பதைக் குறிக்கும். ஆரஞ்சு, ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கும், சிவப்பு, உடனே செயற்பட வேண்டும் என்பதற்கும் உரியவை. இவை வானிலையின் கடுமையை மட்டுமன்றி, அதனால் விளையக்கூடிய பாதிப்பையும் கருதி வழங்கப்படுகின்றன.

ஏழு நாள்களும் ஒரே உறுதியுடையன அல்ல

வார முன்னறிவிப்பில் ஏழு நாள்களும் ஒரே அட்டவணையில், ஒரே அளவு எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதால், ஏழும் ஒரே உறுதியுடையன என்று எண்ணத் தோன்றும். உண்மையில், அவ்வட்டவணையில் மூவகைச் செய்திகள் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிவதே முன்னறிவிப்பைப் படிக்கும் கலையின் சாரம்.

முதல் வகை, வெப்பத்தின் போக்கு. உலர் காற்று ஓங்குகிறதா, ஈரக்காற்று ஓங்குகிறதா என்பது நூற்றுக்கணக்கான கி.மீ. பரவிய காற்றோட்டத்தைப் பொறுத்தது. பெரிய அமைப்புகள் மெல்ல மாறுவன. ஆகவே, 'அடுத்த நான்கைந்து நாள்களில் வெப்பநிலை இரண்டு முதல் மூன்று டிகிரி உயரும்' என்னும் செய்தியைப் பெரும்பாலும் நம்பித் திட்டமிடலாம்.

இரண்டாம் வகை, இடிமழைக்கு ஏற்ற நாள். ஈரக்காற்று எந்நாளில் போதிய அளவு உள்ளே நுழையும் என்பதை இரண்டு மூன்று நாள்களுக்கு முன் ஓரளவு தெளிவாகக் கூறலாம். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் பற்றிய இடிமழைச் செய்தியை ஒரு வாய்ப்பாக மட்டுமே கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை, இடமும் நேரமும். ஓர் இடிமேகத்தின் அகலம் சில கி.மீ. முதல் சில பத்துக் கி.மீ. வரை, அதன் ஆயுள் சில மணி நேரம். அது பிறக்கும் முன்னரே, பாலிகஞ்சில் மாலை ஆறு மணிக்கு மழை பெய்யும் என்று எவராலும் கூற இயலாது. மேகம் எழுந்த பின்னர், டாப்ளர் ராடார் அதனைக் கண்டு பின்தொடர்கிறது. அதன் அடிப்படையில் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு மாவட்ட வாரியாக வெளியாகிறது. இந்த இறுதிச் செய்தியே மிகவும் துல்லியமானது. ஆனால், அதைப் பயன்படுத்தக் கிடைக்கும் காலமோ மிகக் குறைவு.

வானிலையாளர்கள் இவ்வுறுதியை எவ்வாறு அளக்கின்றனர் என்பதை வங்கி வாடிக்கையாளர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டின் மதிப்பை ஒரே மதிப்பீட்டாளர் கூறினால் அது ஒரு கருத்து. பத்துப் பேரைத் தனித்தனியே கேட்டு, அனைவரும் ஏறத்தாழ ஒரே தொகையைக் கூறினால், அதன்மேல் நம்பிக்கை பிறக்கிறது. பத்துப் பேரும் பத்து விதமாகக் கூறினால், எச்சரிக்கையோடு நடக்கிறோம். கணினியில் வானிலையைக் கணிக்கும்போதும், தொடக்க அளவுகளைச் சிறிதளவு மாற்றி மாற்றிப் பலமுறை கணிக்கின்றனர். விடைகள் ஒத்துப்போகும் நாள்களைப் பற்றி உறுதியாகவும், விலகிப்போகும் நாள்களைப் பற்றித் தயக்கத்தோடும் பேசுகின்றனர். 2025 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பு, 6 கி.மீ. இடைவெளியுள்ள கட்டங்களில் வானிலையைக் கணிக்கிறது. முன்பு இந்த இடைவெளி 12 கி.மீ. ஆக இருந்தது. வலையின் கண் சிறியதாகும்போது சிறு மீனும் அகப்படுவதுபோல, சிறிய மழை அமைப்புகளும் இப்போது கணிப்பில் தென்படத் தொடங்கியுள்ளன. ஆயினும், மேற்கூறிய மூவகை வேறுபாடு மறைந்துவிடவில்லை.

ஒரு வாரத்தைத் திட்டமிடுவோம்

எடுத்துக்காட்டாக, மே மாதத்தில் ஒரு வியாழனன்று கொல்கத்தாவுக்குப் பின்வருமாறு முன்னறிவிப்பு வெளியாகிறது எனக் கொள்வோம். வெள்ளி, சனி ஆகிய இரு நாள்களும் 38 முதல் 39 டிகிரி, வறண்ட வானிலை. ஞாயிறன்று 38 டிகிரி, ஈரப்பதம் மிகுந்து அசௌகரியம். திங்களன்று ஓரிரு இடங்களில் இடிமின்னலுடன் மழை, மஞ்சள் எச்சரிக்கை. செவ்வாயன்று ஒருசில இடங்களில் இடிமழை, மணிக்கு 50 முதல் 60 கி.மீ. வேகத்தில் சூறைக்காற்று, ஆரஞ்சு எச்சரிக்கை. புதன், வியாழன் ஆகிய நாள்களில் வெப்பநிலை மூன்று டிகிரி குறையும்.

இதில் இன்றே முடிவு செய்யத்தக்கவை எவை? வெள்ளி முதல் ஞாயிறு வரை வெம்மை உறுதி. ஊரிலிருந்து முதிய பெற்றோர் புறப்பட இருப்பின், பயணத்தைப் புதன் அல்லது வியாழனில் வந்து சேருமாறு அமைக்கலாம். கடைகளில் குளிர்பானம், மோர், இளநீர் ஆகியவற்றின் இருப்பை இன்றே கூட்டலாம். கட்டடப் பணியாளர்களின் வேலை நேரத்தைக் காலை ஆறு முதல் பதினொன்று வரை எனவும், பின்னர் மாலையில் எனவும் மாற்றி அறிவிக்கலாம்.

ஞாயிறு காலை வரை காத்திருந்து முடிவு செய்யத்தக்கவை எவை? திங்கள், செவ்வாய் நாள்களில் திறந்தவெளி நிகழ்ச்சி வைத்திருந்தால், மாற்று மண்டபத்தை இன்றே பேசிவைத்து, ஞாயிறன்று வரும் புதிய அறிக்கையைக் கண்டு உறுதி செய்வது முறை. வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுதல், சரக்கைத் திறந்த வண்டியில் அனுப்புதல் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். வார முன்னறிவிப்பு நாள்தோறும் புதுப்பிக்கப்படுவதால், வியாழனன்று படித்ததை மறு செவ்வாய் வரை மனத்தில் வைத்திருப்பது பயனற்றது.

செவ்வாய் மாலையில் மட்டுமே முடிவு செய்யத்தக்கவை எவை? அலுவலகத்திலிருந்து ஐந்து மணிக்குப் புறப்படுவதா, ஏழு மணிக்குப் புறப்படுவதா. குழந்தைகளைத் திடலுக்கு அனுப்புவதா என்பன. அதற்கு மூன்று மணி நேர உடனடி முன்னறிவிப்பையும், வடமேற்கு வானத்தையும் நோக்க வேண்டும். வானிலைத் துறையின் 'மௌசம்' செயலி முன்னறிவிப்புகளையும், 'தாமினி' செயலி அருகில் நிகழும் மின்னல் பற்றிய எச்சரிக்கையையும் இலவசமாக வழங்குகின்றன.

உயிர்காக்கும் சில நடைமுறைகள்

இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். மின்னல் ஒளிக்கும் இடியோசைக்கும் இடையே முப்பது நொடிக்கும் குறைவான நேரமே இருப்பின், மின்னல் பத்து கி.மீ. தொலைவுக்குள் நிகழ்கிறது என்பது பொருள். உடனே கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடியோசை கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பின்னரே வெளியே வர வேண்டும். மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது நம்மிடம் ஆழப் பதிந்த பழக்கம். இடிமின்னல் வேளையில் அதுவே பேரிடரைத் தரும். மால்டா நிகழ்வு இதற்குச் சான்று. சூறைக்காற்றின்போது பழைய மதில்கள், விளம்பரப் பலகைகள், பெரிய மரங்கள் ஆகியவற்றின் அருகே நிற்பதையும் வண்டியை நிறுத்துவதையும் தவிர்த்தல் வேண்டும்.

வெம்மை மிகுந்த நாள்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை வெளியே செல்வதைத் தவிர்ப்பதும், தாகம் எடுக்கும் முன்னரே நீர் அருந்துவதும் அடிப்படை. தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை தொடக்க அறிகுறிகள். உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். உடனே நிழலுக்குக் கொணர்ந்து, உடலை ஈரத்துணியால் ஒற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நினைவிழந்தவருக்கு நீர் புகட்டக் கூடாது. கொல்கத்தாவில் தனியே வாழும் முதியோரை, இத்தகைய நாள்களில் காலையும் மாலையும் தொலைபேசியில் அழைத்து நலம் கேட்பது உறவினரின் கடமை.

வாரத்துக்கு அப்பாலும் ஒரு முன்னேற்பாடு

முன்னறிவிப்பு இடரைத் தெரிவிக்கிறது. இழப்பை ஈடுசெய்வது காப்பீடு. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயது வரை உள்ள சேமிப்புக் கணக்கு வாடிக்கையாளர், ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி 2 லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பீடு பெறலாம். விபத்தின் தன்மையுடைய இயற்கைச் சீற்றங்களால் நேரும் மரணமும் நிரந்தர ஊனமும் இதில் அடங்கும். இத்திட்டத்தின் ஆண்டு ஜூன் 1 முதல் மறு மே 31 வரை ஆகும். எனவே, இடிமின்னல் பருவத்தின் நடுவிலேயே புதுப்பிக்கும் நாள் வருகிறது. மே மாதக் கடைசி நாள்களில் கணக்கில் போதிய இருப்பு இல்லாவிடில் தொகை பற்று வைக்கப்படாமல் பாதுகாப்பு அற்றுப்போகக்கூடும். கணக்கில் வாரிசு நியமனம் உள்ளதா என்பதையும் அவ்வேளையில் சரிபார்த்துக்கொள்வது நன்று. வீட்டில் வேலை செய்வோர், கடையில் பணிபுரிவோர், வாகன ஓட்டுநர் ஆகியோரே வெயிலிலும் மின்னலிலும் மிகுதியாக வெளியே நிற்பவர்கள். அவர்களுக்கும் இத்திட்டத்தை எடுத்துரைத்துச் சேர உதவலாம்.

வாகன உரிமையாளர்களும் தங்கள் காப்பீட்டை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் நபருக்கான கட்டாயக் காப்பீடு மட்டும் வைத்திருப்பின், சூறைக்காற்றில் மரம் விழுந்து தம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு ஈடு கிடைக்காது. சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய காப்பீடே அதற்கு உதவும்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கல்கத்தா மக்களுக்குப் புயலின் வருகையை முன்கூட்டி உரைக்க ஒரு துறை இல்லை. இன்று ஏழு நாள்களின் வெம்மையும், மூன்று மணி நேரத்துக்குள் வரவிருக்கும் இடிமேகமும் கைப்பேசியில் தமிழரின் கண்முன் நிற்கின்றன. வாரத்தின் போக்கைக் கண்டு பயணத்தையும் இருப்பையும் திட்டமிடுதல், நாளின் அறிக்கையைக் கண்டு வேலையை ஒழுங்குசெய்தல், மணி நேர எச்சரிக்கையைக் கண்டு உடனே உள்ளே செல்லுதல் ஆகிய மூன்றையும் பழக்கமாக்கிக்கொண்டால், கொல்கத்தாவின் கோடையைக் கவலையின்றிக் கடக்கலாம். அம்மூன்றனுள் இறுதியானது சில நிமிடச் செயலே. உயிரைக் காப்பது பெரும்பாலும் அதுவே.